மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

"கிரிக்கெட் கனவான்களின் ஆட்டம்!"

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பெரியவர், பரிசுக் கோப்பைகள் மின்னிய மேசையருகே நின்று இப்படி முழங்கினார். "மாணவமணிகளே! மற்ற ஆட்டங்கள் உடலை வளர்க்கும். கிரிக்கெட் ஒன்றே உள்ளத்தை உயர்த்தும். ஒழுக்கம் பயில வேண்டுமானால் கனவான்களின் ஆட்டத்தைப் பயிலுங்கள்!" என்றார். கையொலி எழுந்தது. நானும் கைதட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழா முடிந்து பந்தற்காலைப் பிடுங்கும் நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னருகே வந்தான். "ஐயா, கனவான்கள் மட்டை பிடித்தார்கள், சரி. பந்து எறிந்தது யார்?" என்று கேட்டான்.

கேட்டவன் சிறுவன், கேள்வி சிறியதன்று. நெல்லைத் தின்றவர் பெயர் தெரியும்; நட்டவர் யார்? கோபுரம் எழுப்பிய மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. கல் சுமந்தவர் யார்? அந்த வரிசையில் வைக்க வேண்டிய கேள்வி அது. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வரலாறே இருக்கிறது. சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவர்; தம் வலக்கையின் வேகத்தால் ஒரு கண்டத்தையே கலங்க வைத்தவர்; வெற்றியைப் பறித்துக் கொடுத்த பின்னர், "மன்னிப்புக் கேள்!" என்ற கட்டளையைப் பரிசாகப் பெற்றவர், கேட்க மறுத்தவர். ஹெரால்ட் லார்வுட் என்பது அவர் பெயர்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷைர் வட்டாரத்தில் நன்கார்கேட் என்றொரு சிற்றூர். நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர். 1904-ஆம் ஆண்டு அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் லார்வுட். சீமான் வீட்டுப் பிள்ளைகள் இலத்தீன் பாடம் ஒப்பித்துக் கொண்டிருக்கும் 14 வயதில், அவர் அன்னெஸ்லி சுரங்கத்தில், பூமியின் வயிற்றுக்குள், கரிவண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டிக் கொண்டிருந்தார். ஐந்தடி எட்டங்குலத்தைத் தாண்டாத உருவம். ஆனால், கரியோடு போராடிய தோளும் முதுகும் இரும்பாகியிருந்தன. 1923-இல், 18 வயதில், டிரென்ட் பிரிட்ஜ் ஆடுகளத்தில் தேர்வுக்கு நின்றார், தேர்ந்தெடுக்கப்பட்டார். சுரங்கம் ஒரு தொழிலாளியை இழந்தது. கிரிக்கெட் ஒரு தொழிலாளியைப் பெற்றது. ஆம், தொழிலாளியைத்தான்! வீரர் என்று அவரை அழைக்க அந்த ஆட்டத்தின் சட்டாம்பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை.

1926 ஜூன் மாதம் இலார்ட்ஸ் ஆடுகளத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்த்துத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அந்த ஜூன் மாதம் எத்தகையது? மே மாதம் தொடங்கி இங்கிலாந்தின் சுரங்க வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. கூலியைக் குறை, வேலை நேரத்தைக் கூட்டு என்றனர் முதலாளிகள். முடியாது என்றனர் தொழிலாளர். சுரங்கத் தொழிலாளரின் வீடுகளில் அடுப்பு அணைந்திருந்த காலத்தில், சுரங்கத்துப் பிள்ளை ஒருவர் சீமான்கள் வெண்குடை நிழலில் அமர்ந்து கண்டு களிக்கப் பந்தெறிந்தார். ஆகஸ்டில் ஓவல் ஆடுகளத்தில் ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்து, 'ஆஷஸ்' என்னும் சாம்பற்கோப்பையை இங்கிலாந்து மீட்கத் துணை நின்றார். அப்போதும் சுரங்கக் கதவு திறக்கவில்லை. கூலி கேட்டால் கதவடைப்பு. கோப்பை பெற்றுத் தந்தால் கைதட்டு. அந்த வர்க்கத்தின் நியாயம் அது!

அந்த ஆட்டத்தில் இரண்டு வருணங்கள் இருந்தன. மனு எழுதாத வருணங்கள். ஆனால் மனு கண்டால் மகிழ்ந்திருப்பார். ஊதியம் பெறாமல் ஆடுவதாகச் சொல்லிக் கொண்டவர்கள் 'கனவான்கள்'. ஆடிக் கூலி பெற்று அடுப்பெரித்தவர்கள் 'ஆட்டக்காரர்கள்'. 1806-இலிருந்து 1962 வரை இவ்விரு சாராரும் இரு அணிகளாகப் பிரிந்து தமக்குள் ஆடிய போட்டியும் உண்டு. ஒரே நாட்டுக்கு ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றத் தனித்தனி அறை. கனவான் நடு வாயிலால் களமிறங்குவார். கூலிக்காரர் பக்கவாயிலால் வருவார். ஆட்ட அட்டையில் கனவானுக்குத் தலைப்பெழுத்துப் பெயருக்கு முன்னே நிற்கும். கூலிக்காரருக்குப் பெயரின் பின்னே தொங்கும்.

இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. நம் வீட்டை நினைத்துக் கொண்டேன். பண்ணையாரைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்கிறது நம் நாக்கு. அவர் வயலில் உழும் முதியவரை 'அவன்' என்கிறது. ஒரே ஒரு மெய்யெழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓரெழுத்துக்குள் ஓராயிரம் ஆண்டு அடிமைத்தனம் ஒளிந்து கிடக்கிறது! இங்கிலாந்து தலைப்பெழுத்தில் வைத்த சாதியை நாம் கடையெழுத்தில் வைத்தோம். அதனால்தான் இக்கட்டுரை முழுதும் லார்வுட்டை 'அவர்' என்றே எழுதுகிறேன்.

பந்தெறிதல் கடும் உழைப்பு. ஓடி வர வேண்டும்; உடலை வில்லாக வளைக்க வேண்டும்; முன்காலை ஓங்கி ஊன்ற வேண்டும்; நாளெல்லாம் அதையே செய்ய வேண்டும். மூட்டு தேயும், முதுகு ஒடியும். ஆகவே அந்த வேலை பெரும்பாலும் கூலிக்காரருக்கு ஒதுக்கப்பட்டது. தலைமை தாங்குவது? அது கனவானின் பிறப்புரிமை! நம் நாட்டிலும் இதே கதைதான். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தி உழைத்தவர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு. அவர் வேகப்பந்து வீச்சாளரல்லர், சுழற்பந்து வீசியவர். புனாவில் தம் அணியினர் கோப்பையில் தேநீர் பருகும்போது, அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை! அவர் எறிந்த பந்தைத் தொட்டால் தீட்டில்லை. அவர் உதடு பட்ட குவளை தீட்டு! அங்கே தலைப்பெழுத்து, இங்கே மண்குவளை. பேதம் ஒன்றே; பெயர்தான் வேறு.

கதைக்கு வருவோம். 1930-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. டொனால்ட் பிராட்மன் என்னும் இளைஞர் ஐந்தே டெஸ்ட் ஆட்டங்களில் 974 ஓட்டங்களைக் குவித்தார். இங்கிலாந்தின் பெருமை தரைமட்டமாயிற்று. அடுத்த படையெடுப்புக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டக்ளஸ் ஜார்டின். பம்பாயில் பிறந்தவர், தந்தை அம்மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர், வின்செஸ்டர் பள்ளி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். பழுதற்ற கனவான்! அவர் திட்டம் ஒன்று தீட்டினார். மட்டையாளரின் உடலை நோக்கிப் பந்து குறுகலாக விழுந்து எகிற வேண்டும்; கால் பக்கத்தில் வளையமாகத் தடுப்போர் நிற்க வேண்டும். உடலைக் காக்க மட்டையை உயர்த்தினால் பிடிபடுவார், உயர்த்தாவிட்டால் அடிபடுவார். 'பாடிலைன்' என்று உலகம் பின்னர் தூற்றிய முறை இதுவே.

திட்டம் கனவானுடையது. அதை நிறைவேற்றக் கை வேண்டுமே! அந்தக் கை லார்வுட்டினுடையது. துணைக்கு வந்த மற்றொரு கை, அதே நாட்டிங்காம்ஷைர் சுரங்கத்திலிருந்து வந்த பில் வோசினுடையது.

அணியில் இன்னொரு வேகப்பந்து வீச்சாளரும் இருந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் படித்த கப்பி ஆலன். "இப்படி எறிய மாட்டேன்" என்று தலைவரிடம் மறுத்தார். பாராட்டுகிறேன்! ஆனால், மறுத்த அவருக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. ஐந்து டெஸ்ட்டிலும் ஆடினார். அடுத்த ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தலைவரே ஆனார். 1986-இல் 'சர்' பட்டமும் பெற்றார். அவர் கனவான்; அவருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. லார்வுட் மறுத்திருந்தால்? கட்டளையை மீறிய கூலிக்காரருக்கு அடுத்த பயணம் ஏது? அறநெறியில் நிற்பதற்குக்கூட முதல் தேவைப்பட்ட சமுதாயம் அது! வயிறு நிறைந்தவர் மறுத்தால் கொள்கை; வயிற்றுக்கு உழைப்பவர் மறுத்தால் திமிர்!

1933 ஜனவரி, அடிலெய்ட் நகரம், மூன்றாம் டெஸ்ட். லார்வுட் எறிந்த பந்து ஆஸ்திரேலியத் தலைவர் உட்ஃபுல்லின் மார்பில், இதயத்தருகே தாக்கியது. அவர் வலியால் துடித்து நிமிருமுன், ஜார்டினின் குரல் கேட்டது: "நன்றாக எறிந்தாய், ஹெரால்ட்!" மட்டையாளரின் மனத்தைக் கலைக்கச் சொன்ன சொல். அவர் மீண்டும் பந்தை எதிர்கொண்டபோது தடுப்போரைக் கால் பக்கத்துக்கு நகர்த்தினார் தலைவர். ஐம்பதாயிரம் பேர் கொதித்தெழுந்தனர். இரண்டு நாள் கழித்து ஓல்ட்ஃபீல்டின் மண்டையில் பந்து பட்டு எலும்பு விரிசல் கண்டது. அந்த வேளையில் 'பாடிலைன்' வளையம் நிற்கவில்லை. தவறு பந்தெறிந்தவருடையதன்று என்று அடிபட்டவரே சொன்னார். என்றாலும் பழி யார் தலையில் விழுந்தது? சொல்லவும் வேண்டுமா?

ஆஸ்திரேலிய வாரியம், "இது விளையாட்டு நெறிக்கு மாறானது" என்று இலண்டனுக்குத் தந்தியடித்தது. எம்.சி.சி. என்னும் மேட்டுக்குடிக் கழகம் சீறியது. "எங்கள் தலைவரையா, எங்கள் வீரரையா பழிக்கிறீர்? விருப்பமில்லையெனில் எஞ்சிய ஆட்டங்களை நிறுத்துங்கள்!" என்னும் பொருள்பட விடை அனுப்பியது. அப்போது லார்வுட் "எங்கள் வீரர்"! வெற்றி இன்னும் கைக்கு வரவில்லையல்லவா!

வெற்றி வந்தது. நான்குக்கு ஒன்று என்று இங்கிலாந்து வென்றது. லார்வுட் 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிராட்மன் அந்தத் தொடரில் 396 ஓட்டங்களோடு அடங்கினார். சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தில் மட்டையும் பிடித்து 98 ஓட்டங்கள் எடுத்தார் லார்வுட். அதே ஆட்டத்தில் பந்தெறியும்போது ஊன்றிய காலின் எலும்பு முறிந்தது. நிற்கவே முடியவில்லை. "பிராட்மன் களத்தில் இருக்கும்வரை நீயும் களத்தில் இரு" என்றார் தலைவர். எஞ்சிய பந்துகளை நின்ற இடத்திலிருந்தே எறிந்துவிட்டு, நொண்டியபடி நின்றார். பிராட்மன் வீழ்ந்தார். பின்னரே விடுதலை. இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் ஒன்றாகக் களத்தைவிட்டு வெளியேறினர். இங்கிலாந்துக்காக லார்வுட் ஆடிய கடைசி டெஸ்ட் அதுதான். அவருக்கு வயது 28.

கடைசியாக்கியது முறிந்த கால் என்று எண்ணாதீர். கால் ஆறியது. ஆறாதது மேட்டுக்குடியின் அச்சம். 1934-இல் ஆஸ்திரேலியர் மீண்டும் இங்கிலாந்துக்கு வர வேண்டும். வராவிட்டால் வருமானம் போகும். பேரரசின் உறவில் விரிசல் விழும். சமரசத்துக்குப் பலியாடு வேண்டும். தேடினர். தலைப்பெழுத்துப் பின்னே தொங்கிய பெயர் கண்ணில் பட்டது. நாட்டிங்காம்ஷைர் கழகத்தின் செல்வப் புரவலர் சர் ஜூலியன் கான் வாயிலாகச் சொல் வந்தது: "ஆஸ்திரேலியாவில் எறிந்த முறைக்கு எம்.சி.சி.யிடம் மன்னிப்புக் கேள்!"

யாரிடம் மன்னிப்பு? மார்பில் அடிபட்ட உட்ஃபுல்லிடமா? மண்டை உடைந்த ஓல்ட்ஃபீல்டிடமா? இல்லை! தன்னை அனுப்பியவர்களிடம், தனக்குத் தலைவரைத் தந்தவர்களிடம், "நாங்கள் துணை நிற்கிறோம்" என்று தந்தியடித்தவர்களிடம்! வாளை ஓங்கிய கை, வாளைப் பிடித்து மண்டியிடச் சொன்ன காட்சி இது.

மற்றவர்கள் எங்கே என்று பார்ப்போம். கட்டளையிட்ட ஜார்டின் 1933-34-இல் இங்கிலாந்து அணிக்குத் தலைவராகவே நம் நாட்டுக்கு வந்தார். 1934 பிப்ரவரியில் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்தின் கொடி பிடித்தவர் அவரே! அந்தச் சேப்பாக்கத்தில் கிளார்க் எறிந்த வேகப்பந்து நம் அணியின் நவுமல் ஜியோமலின் முகத்தில் பட்டு, அவர் இரண்டாம் முறை ஆட வரவே இயலவில்லை. அது திட்டமிட்ட செயல் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இந்தியாவின் காயத்துக்காக எந்தப் பேரரசு நடுங்கியது? பின்னர் ஜார்டின், ஆஸ்திரேலியரை எதிர்த்து ஆடும் எண்ணம் தமக்கில்லை என்று அறிவித்துவிட்டுத் தாமாக விலகினார். கனவானுக்கு விலகல், கூலிக்காரருக்கு விலக்கல்! அந்தப் பயணத்தில் அணியின் மேலாளராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்த பெல்ஹாம் வார்னர், 1937-இல், கிரிக்கெட்டுக்கு ஆற்றிய தொண்டுக்காகச் 'சர்' ஆனார். தீட்டியவர் தலைவர், பார்த்திருந்தவர் பட்டதாரி, எறிந்தவர் குற்றவாளி!

தோழர்களே! துரோணர் கதை நாம் அறிந்ததே. வேடர்குலத்து ஏகலைவன் வில்லில் வல்லவனானான். குருவின் வாய் கட்டைவிரலைக் கேட்டது. கொடுத்தான் அவன். அவன் கொடுத்ததைக் குருபக்தி என்று ஆயிரம் ஆண்டுகளாகக் கதாகாலட்சேபம் செய்கிறார்கள். கேட்டவரைக் கேள்வி கேட்ட காலட்சேபம் உண்டா? இங்கிலாந்துத் துரோணர்களும் ஒரு விரலைத்தான் கேட்டார்கள். தன்மானம் என்னும் விரலை. சுரங்கத்து ஏகலைவர் கொடுக்கவில்லை! "மன்னிப்புக் கேட்க நான் ஒன்றும் செய்யவில்லை" என்று நிமிர்ந்து நின்றார். ஞாயிறு இதழ் ஒன்றில் தம் பக்கத்து நியாயத்தையும் எழுதினார். அதுவும் குற்றமாயிற்று. எறியலாம், எழுதலாகாது! உழைக்கலாம், உரைக்கலாகாது!

"உடலைக் குறிவைத்து எறிவது கொடுமையில்லையா? கட்டளை என்று சொன்னால் கொடுமை அறமாகிவிடுமா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. தலைக்கவசம் இல்லாத காலத்தில் அந்த முறை உயிருக்கு ஊறு விளைக்கக் கூடியதாகவே இருந்தது. பின்னர் விதிகளால் அதை அடக்கியதும் சரியே. லார்வுட் குற்றமற்ற மாடப்புறா என்று நான் வாதாட வரவில்லை. தம் வேகத்தில் அவருக்குப் பெருமிதம் இருந்தது. கடைசிவரை அதற்காக அவர் வருந்தவுமில்லை. நான் கேட்பது வேறு. குற்றம் என்றால் அதைப் பங்கிட வேண்டாவா? வகுத்தவருக்கு எவ்வளவு, ஏவியவருக்கு எவ்வளவு, வாழ்த்தியவருக்கு எவ்வளவு, எறிந்தவருக்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டாவா? வெற்றியை மட்டும் அணிக்கு என்று பகிர்ந்துவிட்டுப் பழியை ஒருவருக்கு என்று ஒதுக்குவது எந்த ஊர்த் தராசு?

இத்தகைய தராசு கடல்கடந்த நாட்டில் மட்டுமா இருக்கிறது? மேலதிகாரி வாய்ச்சொல்லால் ஆணையிடுவார். கடைநிலை ஊழியர் கையெழுத்திடுவார். கணக்கில் பிழை வந்தால் கையெழுத்துத்தான் சான்று, வாய்ச்சொல்லுக்குச் சான்றேது? நச்சுக்குழியில் இறங்கச் சொன்ன ஒப்பந்தக்காரர் வீட்டில் இருப்பார், இறங்கியவர் பிணமாவார், 'கவனக்குறைவு' என்று செய்தி வரும். பழி எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாயும். அதற்கு மேடு பள்ளத்தைச் சமன் செய்வதன்றி வேறு மருந்தில்லை.

பின்னர் என்ன ஆயிற்று? 1936-இல் கவுன்டி ஆட்டங்களில் 119 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 13 ஓட்டங்களுக்கும் குறைவாகக் கொடுத்து வீழ்த்தினார் லார்வுட். தேர்வாளர்களின் கண் திறக்கவில்லை. 21 டெஸ்ட் ஆட்டங்களில் 78 விக்கெட்டுகளோடு கணக்கு முடிந்தது. ஆட்டத்தை விட்டபின் பிளாக்பூலில் மிட்டாய்க் கடை வைத்தார். 1949-இல் எம்.சி.சி. தன் கௌரவ உறுப்பினராக்கி அவருக்குக் கதவு திறந்தது. பதினைந்து ஆண்டு பிந்திய கதவு! அடுத்த ஆண்டே மனைவியோடும் ஐந்து பெண்மக்களோடும் கப்பலேறினார். எங்கே? எந்த நாடு அவரைப் பகைவர் என்று கூச்சலிட்டதோ, அந்த ஆஸ்திரேலியாவுக்கு! அவர் பந்தில் அடிபட்ட ஜாக் ஃபிங்கிள்டனே குடியேற உதவினார். முன்னாள் தலைமையமைச்சர் சிஃப்லி, தங்கும் செலவில் ஒரு பகுதியைத் தம் பெயர் சொல்லாமல் கட்டினார்; அவரும் முன்னாளில் இரயில் இயந்திரம் ஓட்டிய தொழிலாளி. சிட்னியில் குளிர்பானக் குழுமம் ஒன்றில் வேலை பார்த்து வாழ்ந்தார் லார்வுட். அடிபட்டவர்கள் மன்னித்தார்கள், அடிக்கச் சொன்னவர்களின் இனம் மன்னிக்கவில்லை. இதைவிடக் கூர்மையான தீர்ப்பு வேண்டுமா?

1993-இல், 88-ஆம் வயதில், எம்.பி.இ. என்னும் சிறு விருதை இங்கிலாந்து அவருக்கு அளித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து! இரண்டாண்டில், 1995 ஜூலையில், சிட்னியில் மறைந்தார். அவர் வீட்டில் ஒரு வெள்ளிச் சாம்பல் கிண்ணம் இருந்தது; ஜார்டின் தந்தது. 'ஆஷஸ்' வென்று தந்தமைக்கு நன்றியுள்ள தலைவரின் பரிசு என்று அதில் பொறித்திருந்தது. ஜார்டினின் நன்றி மெய்யானது என்றே நம்புகிறேன். அவர் தம் வீச்சாளரைக் கடைசிவரை பழித்ததில்லை. ஆனால் ஒரு தனிமனிதரின் நன்றி, ஓர் அமைப்பின் அநீதியைக் கழுவுமா? சாம்பலை வென்றவருக்குச் சாம்பல் கிண்ணம்; அவ்வளவே!

கோட்டை இடியாமலில்லை. 1952-இல் லென் ஹட்டன் என்னும் தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்தின் தலைவரானார். அந்த நூற்றாண்டில் அவரே முதல்வர். ஹெடிங்லியில் இந்தியாவை எதிர்த்து அவர் தலைமை ஏற்ற முதல் ஆட்டத்திலேயே பிரெட் ட்ரூமன் என்னும் புதிய வேகப்பந்து வீச்சாளர் புயலாக வந்தார். அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகனே! நாம் ஓட்டமே எடுக்காமல் நான்கு விக்கெட்டுகளை இழந்து விழித்தோம். தோற்றது நாம்தான், ஆனாலும் அந்தக் காட்சியில் ஒரு நீதி இருந்ததை மறுப்பதற்கில்லை. 1963 முதல் கனவான், கூலிக்காரர் என்ற பிரிவே ஒழிந்தது. தலைப்பெழுத்துச் சாதி செத்தது. கடையெழுத்துச் சாதியை நாம் எப்போது சாகடிப்போம்?

என் மாணவனுக்கு மறுநாள் வகுப்பில் விடை சொன்னேன். "தம்பி, பந்து எறிந்தவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. கனவான்கள் சொன்னதைச் செய்தார். பிறகு அவர்கள் மன்னிப்புக் கேட்கச் சொன்னதைச் செய்யவில்லை" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் எழுந்து, "அப்படியென்றால் கனவான் அவர்தானே, ஐயா?" என்றான்.

விழாத் தலைவருக்கு அந்த விடையை அனுப்பி வைக்க விரும்புகிறேன். அடுத்த ஆண்டும் அவர் வரக்கூடும், கோப்பைகள் மின்னும், கையொலி எழும். கனவான்களின் ஆட்டம் என்று அவர் தொடங்கும்போது, எந்தக் கனவான் என்று கேட்க எங்கள் பள்ளியில் இப்போது நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.